பசுமைக் கட்சி: காப்பீடு, இயற்கை, நுகர்வோர் பாதுகாப்பு – கையில் அதிகாரம் இருந்தபோது என்ன செய்தார்கள்?

ரைன்கரை (கொலோன்)

வணக்கம். 2024 ஜூனில் குடியுரிமைச் சட்டம் மாறி, எட்டு வருஷக் காத்திருப்பு ஐந்தாகக் குறைந்தபிறகு நம்மில் பலர் ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கிவிட்டோம். நானும் ஒருவன். அதுவரை உள்ளாட்சித் தேர்தலில்கூட நமக்கு ஓட்டு கிடையாது என்பதால் கட்சிகளைப் பற்றி அலட்டிக்கொண்டதே இல்லை.

இந்த இழையில் பசுமைக் கட்சியை மட்டும் பேசலாம். ஆபீஸில் ஒருவர், 2023 ஹீட்டர் சட்டத்தை மனதில் வைத்து, "ஹீட்டரைப் பிடுங்க வந்தவர்கள்" என்கிறார். இன்னொருவர் அவர்கள் இல்லாவிட்டால் இந்த நாட்டில் மூச்சே விட முடியாது என்கிறார். இரண்டும் கோஷம். தேர்தல் அறிக்கையை நானே படித்துக்கொள்வேன். எனக்குத் தெரிய வேண்டியது, மருத்துவக் காப்பீடு, இயற்கை, நுகர்வோர் பாதுகாப்பு ஆகிய மூன்றிலும் ஆட்சியில் பங்கு இருந்தபோது (1998–2005, அப்புறம் 2021–2025) என்ன செய்தார்கள் என்பதுதான். பழைய ஆட்கள் சொல்லுங்கள்.

ஊர்க்காவற்றுறை (ஹம்)

தம்பி, நுகர்வோர் பாதுகாப்பில் இருந்து தொடங்குகிறேன். அது எங்கள் கண்முன் நடந்தது.

2000 நவம்பரில் ஜேர்மனியில் பிறந்த மாடொன்றில் முதன்முதலாகப் பைத்திய மாட்டு நோய் கண்டுபிடித்தார்கள். அதுவரை "எங்கள் மாட்டிறைச்சி பாதுகாப்பானது" என்றுதான் அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி இல்லை. ஆனாலும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டில் என்ன போடுகிறார்கள் என்று எல்லோருக்கும் பயம். 2001 ஜனவரி 9 இல் இரண்டு அமைச்சர்கள் ஒரே நாளில் பதவி விலகினார்கள். விவசாய அமைச்சர் சமூக ஜனநாயகக் கட்சி ஆள். சுகாதார அமைச்சர் அந்திரேயா ஃபிஷர் பசுமைக் கட்சிக்காரி. ஆகவே அந்த விஷயத்தில் பச்சைக்கும் கறை உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை.

பிறகு விவசாய அமைச்சராக வந்தவர் பசுமைக் கட்சியின் ரெனாட்டே கூனாஸ்ட். பெர்லின் வழக்கறிஞர், பண்ணைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அமைச்சின் பெயரையே மாற்றி "நுகர்வோர் பாதுகாப்பு" என்பதை முன்னுக்குப் போட்டார்கள், விவசாயம் கடைசிக்குப் போனது. விவசாயிகள் சங்கம் கொதித்தது. அதே வருஷம் செப்டம்பரில் இயற்கை வேளாண்மைப் பொருளுக்கான அறுகோணப் பச்சை 'பியோ' முத்திரை வந்தது. இன்றைக்கும் ஆல்டி, லிடில் எல்லாவற்றிலும் பார்க்கிறீர்களே, அதுதான். 2002 இல் இன்னொன்று செய்தார்கள், அது முத்திரையைவிடப் பெரிது என்பது என் எண்ணம்: ஒரு உணவில் ஆபத்து எவ்வளவு என்று கணிக்கிற நிறுவனத்தையும், அதை வைத்து நடவடிக்கை எடுக்கிற நிறுவனத்தையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். கணக்குப் பார்க்கிறவன் கையிலேயே கல்லாப்பெட்டியும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

வரிசெலுத்துபவன் (ஸ்டுட்கார்ட்)

அண்ணை, அதே கூனாஸ்ட் பத்து வருஷத்தில் விளைநிலத்தில் 20 சதவீதம் இயற்கை வேளாண்மை என்று அறிவித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2010-ல் சுமார் 6 சதவீதம்தான் வந்தது. இப்போதும் 11 சதவீத அளவில்தான் நிற்கிறது. 2021 கூட்டணி ஒப்பந்தத்தில் என்ன எழுதினார்கள்? 2030-க்குள் 30 சதவீதம். பழைய இலக்கில் பாதியைத் தாண்டியதும் புது இலக்கு!

கிளைஃபோசேட் களைக்கொல்லியும் அப்படித்தான். 2023 முடிவுக்குள் சந்தையிலிருந்தே எடுப்போம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. 2023 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம் இன்னும் பத்து வருஷத்துக்கு அனுமதியை நீட்டித்தது. அதற்கு முந்தைய வாக்கெடுப்பில் ஜெர்மனி 'வேண்டாம்' என்றுகூடச் சொல்லவில்லை. கூட்டணியில் இருந்த தாராளவாதக் கட்சி எஃப்.டி.பி. ஒத்துக்கொள்ளாததால் நடுநிலை. விவசாய அமைச்சர் ஜெம் ஓஸ்டெமிர், பசுமைக் கட்சி.

அப்புறம் அந்த ஐஸ்கிரீம். புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கான கூடுதல் கட்டணம் ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒரு யூரோ, ஒரு உருண்டை ஐஸ்கிரீம் விலைதான் ஆகும் என்று 2004-ல் பசுமைக் கட்சியின் சுற்றுச்சூழல் அமைச்சர் யூர்கன் ட்ரிட்டின் சொன்னார். 2017-ல் அது யூனிட்டுக்கு 6.88 சென்ட். வருஷம் 3,500 யூனிட் செலவாகிற வீட்டுக்குக் கணக்குப் போடுங்கள், மாதம் இருபது யூரோ. நுகர்வோரைப் பாதுகாக்கிற கட்சி இதை எந்தக் கணக்கில் எழுதும்?

ரைன்கரை

அந்தக் கட்டணம் 2022 ஜூலையோடு பில்லிலிருந்து போய்விட்டதே. ஓஸ்டெமிர் காலத்தில் உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லையா? ஜிம், மொபைல் ஒப்பந்தங்களை ஆன்லைனில் ஒரு பட்டனில் ரத்து செய்கிற வசதி அவர்கள் கொண்டுவந்ததுதானே? எனக்கு மிகவும் உதவியது அது.

கோவைக்காரி (பெர்லின்)

இல்லை. அந்தச் சட்டம் 2021 ஜூனில் நிறைவேறியது. அப்போது மெர்க்கெல் ஆட்சி, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் கூட்டணி. முதல் காலம் முடிந்தபின் ஒப்பந்தம் தானாக இன்னொரு வருஷம் நீளாது, ஒரு மாத நோட்டீஸில் வெளியே வரலாம் என்ற விதி 2022 மார்ச் 1-இல் அமலுக்கு வந்தது, ரத்து பட்டன் ஜூலை 1-இல். அமலான தேதிகளில் பசுமைக் கட்சி ஆட்சியில் இருந்ததால் பலரும் பெயரை மாற்றி எழுதிவிடுகிறார்கள். உணவுப் பொட்டலத்தில் வரும் நியூட்ரிஸ்கோர் எழுத்துகளும் அப்படியே: 2020-ல் கொண்டுவந்தவர் யூலியா க்ளோக்னர், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி. சிவப்பு–மஞ்சள்–பச்சை விளக்கு வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கத்தியவர்கள் பசுமைக் கட்சியினர். கடைசியில் வந்ததும் விருப்பமிருந்தால் ஒட்டலாம் என்கிற அளவில்தான்.

அவர்கள் பெயரில் எழுத வேண்டியது இறைச்சிப் பொட்டலத்தில் மாடு, பன்றி எப்படி வளர்ந்தது என்று காட்டும் கட்டாய முத்திரைச் சட்டம். 2023 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. வெறும் கொட்டகையில் தொடங்கி இயற்கைப் பண்ணை வரை ஐந்து நிலை. ஆனால் முதல் கட்டம் பன்றி இறைச்சிக்கு மட்டும், அதுவும் கடைகளில் வருவதற்கான தேதி தள்ளிக்கொண்டே போகிறது. குழந்தைகளைக் குறிவைக்கும் இனிப்பு, நொறுக்குத்தீனி விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடு என்று ஓஸ்டெமிர் கொண்டுவந்த வரைவு கூட்டணிக்குள்ளேயே செத்துப்போனது.

ஒரு அமைப்பு விஷயமும் கவனிக்கத் தக்கது. 2021-ல் நுகர்வோர் பாதுகாப்பை நீதித்துறையிலிருந்து எடுத்துச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் சேர்த்தார்கள், ஷ்டெஃபி லெம்கே கையில். பழுதுபார்க்கும் உரிமை, பிளாஸ்டிக் போன்ற விஷயங்களில் அது பொருத்தம். ஆனால் நுகர்வோர் சட்டத்தில் முக்கால்வாசி ஒப்பந்தச் சட்டம், அது எல்லாம் நீதி அமைச்சரிடமே இருந்தது, அவர் எஃப்.டி.பி. லெம்கேயிடம் பெயர்ப்பலகை இருந்தது, சாவி இல்லை. 2025-ல் புது அரசு அந்தத் துறையைத் திரும்ப நீதி அமைச்சகத்துக்கே கொண்டுபோய்விட்டது.

ஊர்க்காவற்றுறை

போத்தல் காசை மறந்துவிட்டீர்களே பிள்ளை! 2003 ஜனவரி முதலாம் திகதி தொடங்கி ஒருமுறை பாவிக்கும் கான், போத்தலுக்குக் கட்டாய முன்பணம், வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் காசு திரும்ப வரும். இன்றைக்கு 25 சென்ட். கொண்டுவந்தது ட்ரிட்டின்தான். அப்போது கடைக்காரர், பியர் கொம்பனிகள் எல்லோரும் வழக்குப் போட்டார்கள்.

கோவைக்காரி

சரி அண்ணா, ஆனால் அதற்கான விதி 1991-இலேயே கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி அமைச்சர் க்ளாவுஸ் டோப்ஃபர் எழுதிவைத்தது. மறுபடி நிரப்பும் பாட்டில்களின் பங்கு 72 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் முன்பணம் கட்டாயம் என்று. இறங்கியது, ட்ரிட்டின் அமல்படுத்தினார். அமல்படுத்தவும் துணிச்சல் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திட்டம் 2022-ல் வர சென்னை உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

பருந்துப்பார்வை (ஃப்ரைபர்க்)

இயற்கைப் பக்கம் யாரும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இருக்கும் இடத்திலிருந்து வீல் கிராமம் பக்கம்தான். 1975-ல் அங்கே அணு உலை வேண்டாம் என்று கட்டுமான இடத்தில் போய் உட்கார்ந்தவர்களில் திராட்சைத் தோட்டக்காரர்களும் விவசாயிகளும் நிறைய. பெரும்பாலும் பழமைவாதக் கட்சிக்கு ஓட்டுப் போட்டு வந்தவர்கள். கட்சி 1980 ஜனவரியில் கார்ல்ஸ்ரூவேயில் தொடங்கியதற்கு இந்த மாதிரிப் போராட்டங்கள்தான் அடித்தளம். 2023 ஏப்ரல் 15-இல் கடைசி மூன்று உலைகளும் நின்றபோது இங்கே பலர் கொண்டாடினார்கள். அதைச் சரி தப்பு என்று இங்கே பேச ஆரம்பித்தால் இழை முடியாது, விட்டுவிடுகிறேன்.

எனக்கு அதைவிட முக்கியம் ரோட்மிலான். பிளவுபட்ட வாலோடு வயலுக்கு மேலே வட்டமிடும் செந்நிறப் பருந்து. உலகத்தில் கூடு கட்டும் ரோட்மிலான்களில் ஏறத்தாழப் பாதி ஜெர்மனியில்தான். காற்றாலை இறக்கையில் அடிபடும் பறவைகளில் அதுவும் ஒன்று. அதன் கூடு இருக்கிறது என்று காட்டிப் பல காற்றாலைத் திட்டங்களை உள்ளூர்க்காரர்கள் நிறுத்தி வைத்திருந்தார்கள். 2022-ல் பசுமைக் கட்சி என்ன செய்தது தெரியுமா? நாட்டின் நிலப்பரப்பில் 2 சதவீதத்தைக் காற்றாலைக்கு ஒதுக்க வேண்டும் என்று சட்டம் போட்டு, இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தையும் திருத்தி, மோதல் ஆபத்துள்ளவை என்று 15 பறவை இனங்களை மட்டும் பட்டியலிட்டு, கூட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்று நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் வைத்தது. பொருளாதார அமைச்சர் ஹாபெக், சுற்றுச்சூழல் அமைச்சர் லெம்கே, இருவரும் ஒரே கட்சி. பறவை ஆர்வலர்களில் பாதிப் பேர் துரோகம் என்றார்கள்.

என் கருத்து: அந்தத் திருத்தம் தேவைதான். ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு அளவுகோல் வைத்திருந்ததால் பருந்துக்கும் லாபமில்லை, வக்கீலுக்குத்தான் லாபம். ஆனால் பட்டியலில் இல்லாத பறவைகளுக்கு யார் பதில் சொல்வது? கறுப்பு நாரை அதில் இல்லை.

லெம்கேயின் உருப்படியான வேலை என்று நான் சொல்வது சதுப்பு நிலம். இங்கே பீட் (மக்கிய தாவரங்கள் சேர்ந்து உண்டான மண்) நிலங்களில் 90 சதவீதத்துக்கு மேல் வடிகால் வெட்டிக் காயவைத்து விவசாயம் செய்கிறார்கள். காய்ந்த பீட் மெல்ல மெல்லக் கரியமில வாயுவாகப் போய்க்கொண்டிருக்கும். ஜெர்மனியின் மொத்த வெளியேற்றத்தில் சுமார் 7 சதவீதம் அதிலிருந்து மட்டும். திரும்ப நனைத்தால் நின்றுவிடும், பறவையும் வரும். இதற்கும் காடு, ஆற்றுப் படுகைக்கும் சேர்த்து 400 கோடி யூரோ திட்டம் அறிவித்தார்கள். பிறகு பட்ஜெட் நெருக்கடியில் வெட்டினார்கள். பலருக்கு இது இருப்பதே தெரியாது, டிவியில் காட்ட ஒன்றுமில்லை.

வரிசெலுத்துபவன்

லுட்சராத்தை டிவியில் காட்டினார்கள். 2023 ஜனவரி. நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் கிராமத்தைக் காலி செய்ய போலீஸ், மரத்தில் ஏறி உட்கார்ந்த பிள்ளைகள். ஒப்பந்தம் போட்டது ஹாபெக்கும் நோர்ட்ரைன் மாநிலத்தின் பசுமைக் கட்சி அமைச்சரும்.

பருந்துப்பார்வை

ஆமாம். பதிலுக்கு ரைன் பகுதியில் நிலக்கரி 2038-க்குப் பதில் 2030-இல் நிற்கும், வேறு ஐந்து கிராமங்கள் தப்பின. எனக்கு அது நல்ல பேரமாகத்தான் படுகிறது. மரத்திலிருந்து இறக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அப்படிப் படாது என்பதும் தெரியும்.

இசார் (முனிச்)

நம் ஆட்களுக்கு நேரடியாகக் கையைக் கடிக்கிற விஷயம் காப்பீடுதான். அதைப் பற்றிப் பேசலாமா?

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக: இந்த நாட்டில் பத்தில் ஒன்பது பேர் பப்ளிக் இன்ஷூரன்ஸில். சம்பளத்தில் 14.6 சதவீதமும், அந்தந்தக் காஸ (பப்ளிக் காப்பீட்டு நிறுவனம்) போடும் கூடுதலும் (2025-க்கான சராசரி 2.5 சதவீதம் என்று அறிவித்தார்கள்) சேர்ந்து, பாதி நாம், பாதி முதலாளி. வேலை இல்லாத மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் எல்லாம் தனிக்காசு இல்லாமல் உள்ளே வந்துவிடுவார்கள். வருஷச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால், 2025-ல் அது 73,800 யூரோ, பிரைவேட்டுக்குப் போகலாம். ஐடி-யில் தனி ஆளாக வருகிற முப்பது வயதுக்காரருக்கு ஏஜென்ட் முதலில் விற்பது இதைத்தான். மாதக் கட்டணம் குறைவு, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம். கல்யாணமாகிப் பிள்ளை பிறந்ததும் ஆளுக்கு ஒரு பில். வயதாக ஆக ஏறும். 55 தாண்டிவிட்டால் பப்ளிக்குக்குத் திரும்புவது கிட்டத்தட்ட முடியாது.

பசுமைக் கட்சி சொல்வது 'குடிமக்கள் காப்பீடு': அரசு ஊழியர், சுயதொழில் செய்பவர், பெரிய சம்பளக்காரர் எல்லோரும் ஒரே அமைப்பில், எல்லா வருமானத்துக்கும் பங்களிப்பு. சமூக ஜனநாயகக் கட்சியும் இடதுசாரிகளும் இதையேதான் சொல்கிறார்கள். இருபது வருஷமாகச் சொல்கிறார்கள். பசுமைக் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து ஆண்ட காலத்தில் மக்களுக்குக் கிடைத்தது என்ன? 2004 முதல் டாக்டரிடம் போனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 10 யூரோ கட்டணம். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியோடு பேரம் பேசி வந்தது. 2012 முடிவில்தான் போனது.

ஏன் வருவதில்லை? இரண்டு சுவர். ஒன்று, பிரைவேட் நிறுவனங்கள் முதுமைக்காலத்துக்கென்று வாடிக்கையாளர் பணத்தில் சேர்த்து வைத்திருக்கும் 30,000 கோடி யூரோவுக்கு மேற்பட்ட தொகை. அது யாருடையது என்று கேட்டாலே அரசியல் சாசன நீதிமன்றம் வரை போகும். இன்னொன்று டாக்டர்கள். அதே சிகிச்சைக்குப் பிரைவேட் நோயாளியிடம் கட்டண அட்டவணையில் 2.3 மடங்கு வரை சாதாரணமாகவே போடலாம். பல கிளினிக்குகள் அந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன. அதை எடுத்துவிட்டுப் பதிலுக்கு என்ன தருவீர்கள் என்ற கேள்விக்குத் தெளிவான தொகையோடு பதிலை நான் எந்த அறிக்கையிலும் பார்க்கவில்லை.

2025 ஜனவரியில் ஹாபெக் முதலீட்டு வருமானத்துக்கும் காப்பீட்டுப் பங்களிப்பு கட்ட வேண்டும் என்றார். யாருக்கு, எவ்வளவுக்கு மேல் என்று சொல்லவில்லை. மாதம் நூறு யூரோ இடிஎஃப் என்ற பங்குச்சந்தை நிதியில் போடுகிறவர்களுக்கெல்லாம் வயிற்றைக் கலக்கிவிட்டது. தேர்தலுக்கு ஆறு வாரம் முன்பு இதைவிட மோசமாக ஒரு நல்ல யோசனையைச் சொல்ல முடியாது. 11.6 சதவீத ஓட்டில் முடித்தார்கள்.

கோவைக்காரி

இசார் சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. பெரிய சுவரை இடிக்காமல் பக்கத்தில் கதவு வைத்த இடம் ஹாம்பர்க். அரசு ஊழியர்கள் பெரும்பாலும் பிரைவேட்டில் இருப்பது ஆசையால் அல்ல. அவர்கள் பப்ளிக்குக்கு வந்தால் முதலாளியின் பாதிப் பங்கு கிடைக்காது, முழுக்கத் தாங்களே கட்ட வேண்டும். 2018 ஆகஸ்ட் முதல் ஹாம்பர்க் அரசு அந்தப் பாதியைத் தர ஆரம்பித்தது. சமூக ஜனநாயகக் கட்சியும் பசுமைக் கட்சியும் கூட்டாக ஆளும் நகரம் அது. பிறகு பெர்லின், பிரேமன் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டன. பாடன்-வுர்ட்டம்பெர்க்கிலும் 2023-இல் வந்தது. தலைப்புச் செய்தி ஆகவில்லை, ஆனால் வேலை செய்கிறது.

மருந்துக்கடை (ஸ்டுட்கார்ட் பக்கம்)

அப்போதேக்கில் (மருந்துக்கடை) வேலை பார்க்கிறேன். மூன்றையும் தனித்தனியாகப் பேசுகிறீர்கள். மூன்றும் மோதுகிற இடம் என் கவுண்டருக்குப் பின்னால் ஒரு அலமாரியில் இருக்கிறது: ஹோமியோபதி.

இங்கே அது மருந்தாகவே சட்டத்தில் இருக்கிறது, மருந்துக்கடையில்தான் விற்கலாம். 1978-இல் அமலுக்கு வந்த மருந்துச் சட்டத்தில் அதற்குத் தனி வழி. மற்ற மருந்துகள் வேலை செய்கிறது என்று நிரூபித்து அனுமதி வாங்க வேண்டும். ஹோமியோபதிக்குப் 'பதிவு' போதும், பயன் தரும் என்று நிரூபிக்க வேண்டாம். 2012 முதல் காஸக்கள் விரும்பினால் இதற்குப் பணம் தரலாம். இளைஞர்களையும் குடும்பங்களையும் இழுக்க நல்ல விளம்பரம் என்று பல காஸக்கள் தருகின்றன.

பசுமைக் கட்சி ஓட்டர்களில் இதை விரும்புகிறவர்கள் நிறைய. என் கடையிலேயே பார்க்கிறேன்: பொட்டலத்தில் ஒவ்வொரு சேர்மானத்தையும் படிக்கிற அம்மா, ஹோமியோபதி உருண்டையைக் கேள்வி கேட்காமல் வாங்குகிறார். 2019-இல் கட்சியின் இளைஞர்கள் சிலர், காஸ பணம் தரக் கூடாது என்று பீலஃபெல்ட் மாநாட்டுக்குத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். தலைமை அதை விவாதத்துக்கு விடாமல் ஒரு குழு போட்டது. சில வாரங்களில் அந்தக் குழுவே கலைந்தது. 2020 நவம்பரில் கொள்கை அறிக்கையில், மருத்துவ ரீதியாகப் பயனுள்ள, பயன் அறிவியல் முறையில் நிறுவப்பட்ட சிகிச்சைகளுக்குக் காஸ பணம் தரும் என்று எழுதினார்கள். ஹோமியோபதி என்ற சொல்லே அதில் வராது. யார் மனதையும் நோகடிக்காமல் எழுதிய வாக்கியம்.

2024 ஜனவரியில் சுகாதார அமைச்சர் லாவுட்டர்பாக் (இவர் சமூக ஜனநாயகக் கட்சி) இதை நிறுத்தப் போவதாகச் சொன்னார். மிச்சமாவது 2 கோடியிலிருந்து 5 கோடி யூரோ என்று அவருடைய ஆவணத்திலேயே இருந்தது. காஸக்களின் மொத்தச் செலவு 30,000 கோடிக்கு மேல். பணத்துக்காக என்றால் அர்த்தமே இல்லை. கொள்கைக்காக என்றால் அர்த்தம் உண்டு. கடைசியில் சட்ட வரைவில் அதைக் காணோம்.

கிளைஃபோசேட் என்றால் ஆய்வு, தேனீ என்றால் ஆய்வு, தட்பவெப்பம் என்றால் ஆய்வைக் கேளுங்கள் என்று சொல்கிற கட்சி இந்த அலமாரிக்கு முன்னால் வந்ததும் மென்று விழுங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. மற்றபடி அவர்களுக்குத்தான் ஓட்டுப் போடுகிறேன்.

ஊர்க்காவற்றுறை

பிள்ளை, அப்படியென்றால் எங்கள் சித்த வைத்தியத்தையும் இதே கூடையில் போட்டுவிடுவீர்களா? என் மனைவி அந்தக் குளிசைகளைத்தான் சளிக்கு வாங்குகிறாள். குணமாகிறதே.

மருந்துக்கடை

மாமா, சளி ஒரு வாரத்தில் தானே போகும் :) சித்த மருந்தில் மூலிகை உண்மையிலேயே இருக்கிறது, சில நேரம் பாதரசமும் இருக்கிறது. ஆகவே அதை இன்னும் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்பேன். ஹோமியோபதியில் டி6 என்று போட்டிருந்தால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சி30 என்றால் மூலப்பொருளில் ஒரு மூலக்கூறுகூட அந்த உருண்டையில் இருக்க வாய்ப்பில்லை.

வரிசெலுத்துபவன்

பிடித்தவர்கள் சொந்தக் காசில் வாங்கிக்கொள்ளட்டும், தடை எதற்கு?

மருந்துக்கடை

தடையை யாரும் கேட்கவில்லை. காஸ பணமும், 'மருந்து' என்ற முகமூடியும்தான் பேச்சு.

ரைன்கரை

கடையில் வாங்கும்போதே இது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என் மாமியார் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு பை நிறைய வாங்கிப் போகிறார், ஜெர்மன் மருந்து என்றால் அவருக்குத் தனி மரியாதை.

மருந்துக்கடை

பெட்டியின் பக்கவாட்டில் எண்ணைப் பாருங்கள். 'ரெக்.' என்று தொடங்கினால் பதிவு மட்டும். 'ட்சுல்.' என்றால் அனுமதி. பதிவு மட்டும் செய்தவற்றில், பதிவான ஹோமியோபதி மருந்து ஆகையால் எந்த நோய்க்கு என்ற குறிப்பு இல்லை என்ற வரியைச் சட்டப்படி அச்சிட வேண்டும். சின்ன எழுத்தில் இருக்கும்.

ஒரு சிக்கல்: சில ஹோமியோபதி மருந்துகளுக்கு அனுமதி எண்ணும் உண்டு. அவற்றுக்கு 'கமிஷன் டி' என்ற தனி நிபுணர் குழு, அதில் ஹோமியோபதிக்காரர்களே பெரும்பாலும். ஆகவே 'ட்சுல்.' எண்ணைப் பார்த்து மட்டும் நம்பிவிடாதீர்கள், பெயருக்குக் கீழே டி, சி என்ற எழுத்தும் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இசார்

ரைன்கரை, 55 வயது விதி பற்றித் தனிமடலில் கேட்டவர்களுக்கும் சேர்த்து: பிரைவேட்டிலிருந்து திரும்ப வேண்டுமென்றால் 55-க்கு முன், சம்பளம் அந்த வருஷ வரம்புக்குக் கீழே வர வேண்டும். பகுதிநேரமாக்கினாலும் கணக்குதான். தனி இழை தொடங்கியிருக்கிறேன், அங்கே வாருங்கள். இங்கே பருந்தும் பசுமைக் கட்சியும் இருக்கட்டும்.